நோயுற்ற பூனையும் முதற் சீலமும்

கொல்லாமை என்னும் முதற் சீலத்தை உபோசத நாள்தோறும் நாம் வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொள்கிறோம். அதைச் சொல்லுங்கால் நம்முள் எவருக்கும் நாத் தடுமாறுவதில்லை. நாம் கொலைஞர் அல்லேம். ஆடு மாடு அறுப்போரும் அல்லேம். கொசுவின் விஷயத்தில் மட்டும் சிறிது கண்ணை மூடிக்கொள்வதுண்டு. ஆகலின் ஐந்து சீலங்களுள் இதுவே எளியது என்றும், பொய்யாமையே அரியது என்றும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். என் வீட்டில் வளரும் ஒரு பூனையின் நெஞ்சில் உண்டான நோய் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. பூனையின் நோயைப் பற்றித் தரும விசாரணை செய்யும் ஏட்டில் எழுதுவதா என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் முழுவதும் படித்த பின்னர் நகைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

அப்பூனை விலைக்கு வாங்கியதன்று, சாதிப் பெயருடையதுமன்று. பெங்களூரில் மழை விடாது பெய்த ஓர் ஐப்பசி மாதத்தில், எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் கண் திறவாத குட்டியாகக் கிடந்தது. பேத்தி அதற்கு முத்து என்று பெயரிட்டாள். அஃது இப்பொழுது ஏழு வயதுப் பூனை. சென்ற ஆண்டு பல் நோவென்று கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, அவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, பல்லை விட்டுவிட்டு நெடுநேரம் அங்கேயே செவி சாய்த்திருந்தார். துடிப்புடன் வேறோர் ஓசையும் கலந்திருந்ததாம். பின்னர் எக்கோ என்னும் ஒலியலைப் படம் எடுக்கப்பட்டது. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது என்றார்கள். பூனையின் இதயச் சுவர் 6 மில்லிமீட்டர் அளவை எட்டினால் அது தடிப்பெனக் கொள்வர். முத்துவின் சுவர் அதனைத் தாண்டியிருந்தது.

இந்நோயின் இயல்பை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. பூனைகளுக்கு வரும் இதய நோய்களுள் இதுவே மிகுதி. நலமாய்த் திரியும் பூனைகளிலும் ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு இத்தடிப்பு இருக்கக்கூடும் என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். அவற்றுட் பல, நோய் இருப்பதே தெரியாமல் முழு ஆயுளும் வாழ்ந்து முடிக்கின்றன. நோய் முற்றியவற்றின் நிலை வேறு. தசை தடிப்பதால் அறை குறுகுகிறது. விறைத்த சுவர் தளர்ந்து விரியாமையால் குருதி உள்ளே வந்து நிறைவதில்லை. உள்ளே புக வழியற்ற குருதி மேலறையில் தேங்குகிறது, மேலறை வீங்குகிறது, பின்னால் நுரையீரலில் நீர் கோக்கிறது. தேங்கிய குருதி கட்டியாக உறைந்து, ஒருநாள் பிரிந்து, பெருநாடி வழியே ஓடி, பின்னங்கால்களுக்கு அது கிளைவிடும் இடத்தில் அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்பொழுது சற்றுமுன் மதிலேறிய பூனை, பின்னுடலை இழுத்துக்கொண்டு அலறும். கால்கள் குளிர்ந்துவிடும். அவ்வலி பூனைகளுக்கு நேரும் வலிகளுள் கொடியது என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை இல்லை. சில பூனைகள் தேறி நடக்கின்றன, பல மாள்கின்றன, தேறியவற்றுக்கும் மீண்டும் வரக்கூடும். நோயைத் தீர்க்கும் மருந்து எங்கள் மருத்துவரிடம் இல்லை. நீரை இறைக்க ஃபுரோசமைடு மாத்திரை. குருதி உறையாதிருக்கக் குளோபிடோகிரெல், அதுவும் மனிதர் உண்ணும் 75 மில்லிகிராம் மாத்திரையில் நாலில் ஒரு பங்கு. அவ்வளவே.

மாத்திரையை நான்காக வெட்டிப் பூனையின் வாயிற் புகுத்துவது என்பதைச் செய்தறியாதவர் எளிதென நினைப்பர். குளோபிடோகிரெல் கடுங்கசப்பு. நாவில் பட்டவுடன் வாயில் நுரை தள்ளும். அரைமணி நேரம் என்னை ஒரு துரோகியைப் போல் பார்க்கும். பிறகு வெற்றுக் கூட்டுக் குளிகையில் அதனை அடைத்து, மேலே சிறிது நெய் தடவிக் கொடுக்கும் வழியைக் கற்றேன். மல்லுக்கட்டிப் பிடித்தாலோ இதயம் இன்னும் விரைந்து துடித்து நோய் மிகும் என்று எச்சரித்திருக்கிறார்கள். எனவே வலுக்கட்டாயமும் கூடாது, விட்டுவிடவும் கூடாது.

விநய பிடகத்து மகாவக்கத்தில், வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவன் கண்ட வரலாறு உண்டு. பகவன் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். தலைப்புறத்தைப் பகவனும் கால்புறத்தை ஆனந்தருமாகத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினார்கள். மற்றைப் பிக்குகள் அவரை ஏன் கவனிக்கவில்லை என்று வினவியபோது அந்நோயாளி சொன்ன விடையை நம் சொற்பொழிவாளர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்: தாம் அவர்களுக்கு யாதொரு பயனும் செய்யாதவர் என்பதே அவ்விடை. பயன் தராதவனைப் பேணுவதுதான் பேணல் என்பதை அவ்விடத்தில் பகவன் நிலைநாட்டினார். தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்றும் பணித்தார்.

அவ்வரலாற்றை அடுத்து, பேணுதற்கு அரிய நோயாளியின் இயல்புகள் ஐந்து கூறப்படுகின்றன. தனக்கு ஒத்ததைச் செய்யான், அளவறியான், மருந்துண்ணான், தன் நோயின் போக்கைப் பேணுவோனிடம் உள்ளபடி சொல்லான், வலியைப் பொறான். முதல் நான்கும் பூனைக்கு அச்செடுத்தாற்போல் பொருந்துகின்றன. மூச்சு முட்டும்வரை அது நோயைக் காட்டுவதில்லை. நாயைப் போல் இருமுவதும் அரிது. கட்டிலின் அடியில் ஒதுங்கிக்கொள்வதே அதன் முறையீடு. ஐந்தாவதில் மட்டும் அது நம்மினும் மேல். வலியைப் பொறுக்கும் ஆற்றல் அதற்கு அளவின்றி இருக்கிறது. அவ்வாற்றலே அதற்குப் பகையாகவும் முடிகிறது. அது பொறுத்துக்கொண்டிருக்கும் வரை நாம் ஒன்றும் அறியோம்.

ஆகவே அது சொல்லாததை வேறு வகையில் அறிய வேண்டும். உறங்கும்போது விலாப்புறம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி எழுதிவைக்குமாறு மருத்துவர் கூறினார். 30-க்குள் இருந்தால் அச்சமில்லை. நாளுக்கு நாள் ஏறினாலும், 30-ஐத் தாண்டினாலும் நீர் கோக்கிறது என்று பொருள். எட்டு மாதமாய் எண்ணி வருகிறேன். மூச்செண்ணும் பயிற்சி நமக்குப் புதியதன்று. ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் எண்ணுக என்று விசுத்திமார்க்கம் விதிக்கிறது. பல ஆண்டு முயன்றும் என் மூச்சை எண்ணும்போது பத்து முடிவதற்குள் மனம் கடைத்தெருவுக்குப் போய்விடும். முத்துவின் மூச்சை எண்ணும்போது ஒரு நிமிடம் முழுதும் எங்கும் போவதில்லை. இதை முன்னேற்றம் என்று நான் சொல்லத் துணியேன். அச்சம் கட்டிப்போட்ட மனமும் ஓரிடத்தில்தான் நிற்கும். மேலும், பிறிதோர் உயிரின் மூச்சை நான் எண்ணுவது இது முதன்முறையன்று. என் தந்தையார் கோலார் தங்கச் சுரங்கத்தில், சாம்பியன் ரீஃபில், பாறைத் தூசியை முப்பதாண்டு உண்டவர். அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபோது அவருடைய நுரையீரல் அதற்கு முன்பே மூடத் தொடங்கியிருந்தது. அவர் தலைமாட்டிலிருந்து எண்ணியதுண்டு. அப்பொழுது எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

நோய்ப் பேணலில் இன்னும் ஒரு முள் இருக்கிறது. பூனைக்கு உணவு யாது? நம் அன்பர் ஒருவர், கொல்லாமை நோற்கும் வீட்டில் பூனைக்கும் தயிர்ச்சோறே தகும் என்று வாதித்தார். அவர் உள்ளம் நல்லது. ஆயினும் அவர் கூற்று பூனையைக் குருடாக்கும். அதன் இதயத்தையும் கெடுக்கும். டாரின் என்னும் சத்து ஊனிலும் மீனிலும் உள்ளது. நம் உடல் அதைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலுக்கு வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ளும் திறம் இல்லை. அது குறைந்தால் விழித்திரை அழியும். இதயத் தசை தளர்ந்து பை போல் விரியும். முத்துவுக்கு வந்துள்ள தடிப்பு நோயின் நேர்மாறான நோய் அது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் 1987-இல் இக்காரணத்தைக் கண்டறிந்து, டாரின் கொடுத்தால் அந்நோய் மீளுவதையும் காட்டினர். அதன் பின் தீனி செய்வோர் அச்சத்தைக் கூடுதலாகக் கலந்தனர். அவ்வகை இதய நோய் பூனைகளில் அருகிவிட்டது.

ஆதலால் என் வீட்டில் மத்தி மீன் வேகிறது. நான் அதனை உண்பதில்லை, பூனைக்காக வாங்குகிறேன். செத்த மீனைத்தானே வாங்குகிறோம், நமக்கென்று கொல்லப்பட்டதைக் காணவோ கேட்கவோ ஐயுறவோ இல்லையே என்று ஜீவக சூத்திரத்தின் மூன்று நிபந்தனைகளைக் காட்டி அமைதி கொள்ளலாம். அவை பிச்சையேற்கும் பிக்குவுக்குச் சொன்னவை. காசு கொடுத்து வாங்கும் இல்லறத்தானுக்கு அவ்வளவு எளிதில் பொருந்தா என்பது என் கருத்து. அசோக மன்னர் தமது இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் அமைத்ததைப் பொறித்திருக்கிறார். அதை நாம் பெருமையுடன் எடுத்துச் சொல்லுகிறோம். அவரே ஐந்தாம் தூண் கல்வெட்டில், ஓர் உயிரைக் கொண்டு மற்றோர் உயிரை ஊட்டி வளர்த்தலாகாது என்றும் பொறித்திருக்கிறார். அதனை எடுத்துச் சொல்லுவோர் குறைவு. முதற் கல்வெட்டின்படி நான் செய்வது சரி, மற்றதன்படி தவறு. முத்துவின் ஏழு ஆண்டு வாழ்வில் எத்தனை மீன்கள் அடங்கும் என்று கணக்கிட ஒருநாள் தொடங்கி, இரண்டாயிரத்தைத் தாண்டியவுடன் நிறுத்திவிட்டேன். இதற்கு என்னிடம் விடையில்லை. மணிமேகலையின் பாத்திரம் பசிப்பிணியை நீக்கியது. அதிலிருந்து சுரந்தது சோறு. என் பாத்திரத்தில் அது இல்லை.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான இரவைச் சொல்ல வேண்டும். எட்டு மாதத்திற்கு முன், நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் முத்து வாயைத் திறந்து மூச்சுவிடுவதைக் கண்டோம். நாய் வாய்திறந்து இரைப்பது இயல்பு. பூனை அமைதியாயிருந்து அவ்வாறு இரைப்பது பேராபத்தின் குறி. ஆட்டோ ஒன்று கிடைத்து மருத்துவமனை சென்றோம். பிராணவாயு நிறைந்த கண்ணாடிக் கூட்டில் அதனை வைத்தார்கள். ஊசி மருந்து போட்டார்கள். பணியிலிருந்த இளைய மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, மிகுந்த பணிவோடு, இதனை இனித் துன்புறுத்த வேண்டாம், அமைதியாக உறங்க வைத்துவிடலாம், ஒப்பமிடுகிறீர்களா என்று கேட்டார். உறங்க வைத்தல் என்னும் சொல்லை அவர் எவ்வளவு மென்மையாகச் சொன்னார் என்பது இன்றும் நினைவிருக்கிறது. அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் கருணையுடையவர், கண்கள் கலங்கியிருந்தன. நான் மாட்டேன் என்றேன். விடியுமுன் நீர் வடிந்து மூச்சுச் சீர்ப்பட்டது. மூன்றாம் நாள் வீடு வந்தது.

பார்த்தீர்களா, சீலம் காத்தவரைச் சீலம் காத்தது என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியை நான் ஏற்கவில்லை. பூனை அன்றே இறந்திருந்தால் என் மறுப்பு தவறாகியிருக்குமா? பிழைத்ததனால் சரியாகிவிடுமா? விளைவைக் கொண்டு செயலை அளப்பதானால் சேதனைக்கு நம் தருமத்தில் வேலையே இல்லை. அன்று மாட்டேன் என்று நான் சொன்னபோது என் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதுதான் வினா. அதை ஆராய்ந்து பார்க்கையில் எனக்குப் பெருமை தருவதாக ஒன்றும் தென்படவில்லை.

இவ்வினா நம் நாட்டில் முன்பே பேரொலியோடு எழுந்ததுண்டு. 1928-இல் அகமதாபாத்தைச் சார்ந்த சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று உடல் முடமாகித் தீராத வேதனையிற் கிடந்தது. புரட்டிப் படுக்க வைத்தாலும் வலி பொறாத நிலை. இனிச் செய்யத்தக்கது இல்லை என்று மருத்துவர் கைவிரித்தபின், காந்தியடிகள் தம் முன்னிலையிலேயே நச்சூசியால் அதன் உயிரை முடிப்பித்தார். தாம் செய்ததை மறையாமல் நவஜீவன், யங் இந்தியா ஆகிய தம் ஏடுகளில் எழுதினார். நாடெங்கிலுமிருந்து சினக் கடிதங்கள் குவிந்தன. தம் நலம் கருதாது, அவ்வுயிரின் வேதனையைத் தீர்ப்பதற்கே முடித்தால் அதுவும் அகிம்சையே என்பது அவர் நிலை. அந்நிலைக்குரிய நேர்மையை நான் மதிக்கிறேன். கடிந்தோரில் பலர் தம் தெருவில் பட்டினியால் சாகும் மாட்டை ஏறெடுத்தும் பாராதவர் என்று அவர் இடித்துரைக்க இடமிருந்தது. ஆயினும் நம் விநயம் வேறு வழியிற் செல்கிறது என்பதை மறைக்க முடியாது.

பாராஜிகம் மூன்றாவதன் கீழ்க் கூறப்படும் நிகழ்ச்சிகளுள் முதலாவது இத்தகையதே. நோயுற்ற ஒரு பிக்குவின்மீது இரக்கங்கொண்ட மற்றைப் பிக்குகள் சாவின் நன்மையை அவருக்கு எடுத்துரைத்தனர், அவரும் மாண்டார். இரக்கத்தாற் செய்தோம் என்று அவர்கள் முறையிட்டும், அவர்கள் சங்கத்தினின்று வீழ்ந்தவர்களே என்று முடிவாயிற்று. விலங்கைக் கொல்லுதல் பாசித்தியம் என்னும் சிறு குற்றமாகவே பிக்குவுக்கு வைக்கப்பட்டுள்ளது உண்மை. எனினும் இரக்கம் என்னும் காரணம் அங்கே விலக்காகச் சொல்லப்படவில்லை. ஈண்டு ஒரு மாறுபாட்டையும் காண்க: நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2011-லும் 2018-லும் அளித்த தீர்ப்புகளின்படி, தேறாத மனித நோயாளிக்குச் செயற்கை மருத்துவத்தை நிறுத்த நிபந்தனைகளோடு இடமுண்டு, நச்சூசிக்கு இடமில்லை. விலங்கிற்கோ, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமே கொடுந்துன்பத்திற் கிடப்பதை முடிக்க வழிசெய்கிறது. ஒரே வலி, இரண்டு நீதி. விலங்கின்பால் நாம் மிக்க கருணையுடையோம் என்பதால் இவ்வேற்றுமை உண்டாயிற்றா, அதன் உயிரை மலிவாய்க் கருதுவதால் உண்டாயிற்றா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

அட்டகதை ஆசிரியர்கள் ஒன்று சொல்லுகின்றனர். சிரித்துக்கொண்டே ஒருவனைக் கொல்லப் பணிக்கும் அரசனிடத்தும், அப்பணியை முடிவு செய்யும் கணத்துச் சித்தம் வெறுப்பில் வேரூன்றியதே என்பது அவர்கள் துணிபு. முதலில் இஃது எனக்கு வறட்டு நூல்வாதமாகத் தோன்றியது. அவ்விரவுக்குப் பின் அதன் பொருள் விளங்கிற்று. கண்ணாடிக் கூட்டின் முன் நின்றபோது எனக்குத் தாங்கொணாததாயிருந்தது பூனையின் வலியன்று. அதனை நான் அறியவே இயலாது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே தாங்கவில்லை. இது முடிந்தால் போதும் என்று உள்ளம் துடித்தது. அத்துடிப்பில் என் உறக்கம், மறுநாள் வேலை, ஏறிக்கொண்டிருந்த செலவுக் கணக்கு யாவும் கலந்திருந்தன. இவற்றையெல்லாம் ஒரு மெல்லிய துணியால் மூடி அதற்குக் கருணை எனப் பெயரிட்டு ஒப்பமிட்டிருக்கலாம். புத்தகோஷர் கருணைக்கு அண்மைப் பகை என்று துயரத்தைக் குறித்தது இதற்காகவே போலும். பக்கத்து வீட்டுக்காரனைப் போல் உருவம் ஒத்திருப்பதால் அதனை அடையாளம் காண்பது அரிது.

ஆனால் அவ்வாசிரியரே உபேட்சைக்கும் ஓர் அண்மைப் பகையைச் சொல்லியிருக்கிறார்: அறியாமையால் வரும் அசட்டை. இதுதான் என்னை உறங்கவொட்டாமல் செய்வது. நான் மாட்டேன் என்றதும் கருணையா? என் சீலத்தின் வெண்மையில் கறை படக்கூடாது என்ற கவலையும் அதிலிருந்தது. ஒரு பூனை அலறிச் சாக, நான் தூயவனாக வீடு திரும்புவது எத்தகைய தூய்மை? கொல்லாமை பிற உயிரின் பொருட்டு வந்த நோன்பு. அதனை என் பொருட்டாக்கிக்கொண்டால் அது வேறொன்றாகிவிடுகிறது. இதை எனக்குச் சுட்டிக்காட்டியவர் நூலறிந்த பெரியவர் எவரும் அல்லர், என் மனைவி.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மூச்சு முட்டல் வந்தால் இன்னும் பத்து முறை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓடுவோம்; நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். பின்னங்கால் இரண்டும் குளிர்ந்து அது அலறத் தொடங்கினால், அலறல் மருந்துக்கு அடங்கவில்லையென்றால், நீங்கள் வெளியே உட்கார்ந்து உங்கள் சீலத்தைச் சொல்லிக்கொண்டிருங்கள். நான் ஒப்பமிடுகிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.” அவளும் என்னோடு பஞ்சசீலம் ஏற்றவள்; என்னினும் ஒழுங்காக உபோசதம் காப்பவள். பாவம் என்று தெரிந்தே அதனை ஏற்க முன்வருகிறாள். பாவமன்று என்று வாதிக்கவில்லை. நாற்பதாண்டு அவளோடு வாழ்ந்தும் இவ்விடத்தில் அவளுக்கு மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை. அவள் வெளியே போகச் சொன்னதில் சிறிது ஏளனமும் இருந்தது. அது தக்க ஏளனந்தான்.

சங்கத்து அன்பர்கள் கூறிய வேறிரண்டு சமாதானங்களை மட்டும் தள்ளிவிடுகிறேன். ஒருவர், விலங்குப் பிறவி இழிபிறவி, விரைவில் நீங்கினால் மேற்பிறவி வாய்க்கும் என்றார். அடுத்த பிறவி யாதென அறியும் கண் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மற்றொருவர், அது பழவினையை அனுபவித்துத் தீர்க்கிறது, நாம் குறுக்கிடலாகாது என்றார். இது முன்னதினும் கொடிது. மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் இவ்வினாவையே கேட்டபோது பகவன், பித்தம், சிலேட்டுமம், வாதம், இவற்றின் கூட்டு, பருவ மாறுதல், தகாத பேணல், தாக்குண்டமை, வினைப்பயன் என நோவுக்கு எட்டுக் காரணம் வகுத்து, எல்லாம் பழவினையே என்போர் தாமறிந்ததையும் உலகறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று மறுத்தார். எட்டில் ஒன்றை எட்டாக்குவது நம்மவரிடையே பரவிவிட்ட பழைய வழக்கம். மேலைநாட்டு மெயின் கூன் என்னும் பூனை இனத்தில் இத்தடிப்பு நோய் ஒரு மரபணுவின் பிழையால் குடிவழி வருகிறதென்று 2005-இல் கண்டறிந்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்த முத்துவின் குடிவழி யாருக்குத் தெரியும்? தெரியாத காரணத்துக்கு வினை என்று பெயரிட்டுக் கைகட்டிக்கொள்வது தருமமாகாது. தந்தையார் இருமிக்கொண்டிருந்த காலத்திலும் இதே சொல்லைச் சொன்னவர்கள் உண்டு. அப்பொழுது அச்சொல் யாருக்கு வசதியாயிருந்தது என்பதைச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அறியும்.

மருத்துவம் செய்யாமல் விட்டுவிடுவதே நடுவழி என்றும் சிலர் கருதுகின்றனர். கொல்வதும் இல்லை, நீட்டிப்பதும் இல்லை என்பது கேட்க இனிமையாயிருக்கிறது. இந்நோயில் நீரிறைக்கும் மாத்திரையை நிறுத்தினால் பூனை தன் நுரையீரலுக்குள்ளேயே மூழ்கிச் சாகும். ஊசி போட மனமில்லாதவன் அதைச் செய்துவிட்டு, நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வானாயின் அவன் நான்காம் சீலத்தையும் சேர்த்து இழக்கிறான். நிறுத்தத்தக்கவையும் உண்டு. பயனின்றி மீண்டும் மீண்டும் குத்துவது, கூட்டில் அடைத்து வைத்தே சாக விடுவது போன்றவை அவை. வலியடக்கும் மருந்தை மட்டும் எக்காலத்தும் நிறுத்தலாகாது.

அம்மருந்தைப் பற்றியே இப்பொழுது மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறோம். கட்டி அடைத்தால் முதலில் வலியை அடக்கும் ஊசியைக் கடும் அளவில் உடனே போட வேண்டும், பிறகுதான் மற்றெல்லாம். அவ்வூசியால் மூச்சு அடங்கிவிடக்கூடுமே என்று கேட்டேன். கூடும் என்றார். அவ்வாறு அடங்கினால் அது வலியைத் தணிக்கப் போய் நேர்ந்தது, கொல்ல எண்ணியதன்று. கொலைக்கு அட்டகதை கூறும் ஐந்து உறுப்புகளுள் கொல்லும் எண்ணம் அங்கே இல்லை. இவ்வளவு தூரம் நானும் மனைவியும் உடன்பட்டிருக்கிறோம். அவ்வூசிக்கும் அலறல் அடங்காவிட்டால் என்ன என்பதில் உடன்பாடில்லை. அவள் தன் சொல்லில் நிற்கிறாள். நான் வெளியே போக மாட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே நின்று என்ன செய்வேன் என்பதை அவள் கேட்கவில்லை.

இப்பொருளில் மாறுபட்ட கருத்துடைய அன்பர்கள், குறிப்பாக நோயுற்ற விலங்கைக் கடைசிவரை பேணிய அனுபவமுடையோர், தங்கள் கருத்தை இப்பத்திரிகைக்கு எழுதுவார்களாயின் நன்றியுடன் படிப்பேன். சற்று விரைவில் எழுதுதல் நலம். சென்ற வாரம் முழுதும் 22, 23 என்றிருந்த எண்ணிக்கை, இவ்வாரம் 27, 28 ஆகியிருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறோம். முத்து இப்பொழுது அரிசிப் பானையின் மூடிமேல் உறங்குகிறது. மனைவி கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.